கமலநாதன் கட்டிய காபினெட்

அடுப்படிக் காபினெட்டின் இடது கதவை மாதவி மூடினாள். உடனே வலது கதவு வாயைப் பிளந்தது. வலதை மூடினாள், இடது திறந்துகொண்டது. இரண்டையும் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். தீபாவளி கிட்டத்தில் வந்துவிட்டது. இப்படிக் கதவுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தால் முறுக்கு பிழிவது யார் என்று கேட்க வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. பின்னால் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும்,” என்றார் கமலநாதன்.

“ம்,” என்றாள் மாதவி.

அந்த ‘ம்’முக்குள் அவள் விழுங்கிய வசவுகளை வெளியே எடுத்து அடுக்கினால் காபினெட் கொள்ளாது. மாதவி சாமானியமாக விழுங்குகிற ஆள் இல்லை. கல்யாணமாகி இந்தக் கிள்ளான் தாமான் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் திட்டுவதும் அவர் பதிலுக்குக் கத்துவதும், ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே தட்டில் கச்சான் கடலை தின்பதும்தான் அந்த வீட்டு நடப்பு. நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் அது தெரியும். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடியதில் வயிறு எரிந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. கமலநாதன் ஷா ஆலாமில் காருக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். செய்த பாகத்தை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரித்து வைப்பது வேலை. இளமை முழுக்க அளந்தார். வருஷத் தொடக்கத்தில் வெளியே போன சரக்கு ஒன்று திரும்பி வந்தது. யாரோ அளவைத் தப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்றார்கள். அந்த யாரோ யார் என்று முகத்துக்கு நேரே எவனும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஆட்குறைப்பு என்று வந்தபோது முதல் ஆளாகக் கமலநாதனைத்தான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. மாதவி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்ப்பவள். காலையில் கொமுட்டர் ரயில் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்பினால், அவர் அதே சோபாவில், அதே மூலையில், டிவியைக்கூடப் போடாமல் இருப்பார். ஒருநாள் சோற்றுப் பானையின் சுவிட்சைத் தட்ட மறந்துவிட்டார் என்று அவள் வழக்கம்போலப் பிடித்து விளாசினாள். வழக்கம்போல அவர் கத்தவில்லை. தலையை நிமிர்த்தி, “ஆமா, என்கிட்ட எதைக் குடுத்தாலும் தப்பாத்தான் போவுது,” என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு சாதுவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து அவள் அந்த மனிதரைத் திட்டுவதை விட்டாள்.

சோபாவிலிருந்து அவரை எழுப்பியது ஒரு வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கராஜில் நின்றுகொண்டு செருப்பு அலமாரி செய்து காட்டினாராம். மறுநாள் கமலநாதன் ஹார்ட்வேர் கடைக்குப் போய் மின்ரம்பம், துளை போடும் மெஷின், பிளைவூட் எல்லாம் வாங்கி வந்து வாசலில் பரப்பினார். செருப்பு அலமாரி நன்றாகவே வந்தது. ஆடாமல் நின்றது. செய்து முடித்த அன்று அவர் முதுகு நிமிர்ந்து நடந்ததை மாதவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஒரு காட்சிக்காக அவள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளத் தயாரானாள்.

பொறுக்க வேண்டியது மூலைமட்டம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மூலைமட்டம் மூன்று வைத்திருந்தார். சின்னது மரப்பிடியும் இரும்புத் தகடும் கொண்டது. பிடியைப் பலகை ஓரத்தில் அழுத்தி வைத்தால் தகடு குறுக்கே நேராக நிற்கும், பென்சிலால் இழுத்துக்கொள்ளலாம். இரண்டாவது அலுமினிய முக்கோணம். ஒரு பக்கத்தில் உதடு மாதிரி விளிம்பு இருக்கும். அந்த உதட்டைப் பலகையில் மாட்டி, ரம்பத்தை அதன் மேல் அண்டக் கொடுத்து ஓட்டினால் வெட்டு விலகாது. படச்சட்டத்துக்குச் சாய்வாக வெட்டவும் அதுதான். மூன்றாவது பெரிய எல் வடிவம். பலகைகளைப் பெட்டியாகப் பூட்டும்போது மூலைக்கு மூலை வைத்து, சரியாக நிற்கிறதா என்று பார்க்க. இதெல்லாம் மாதவி ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. சாப்பிடும்போது சொன்னார். துணி மடிக்கும்போது சொன்னார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் சொன்னார். வீட்டில் இருந்த எல்லாவற்றின் மூலையிலும் மட்டத்தை வைத்துப் பார்த்தார். டிவி, கட்டில், மாமனார் படம், அவள் மடித்து வைத்த சேலை, எதுவும் தப்பவில்லை. தோசைக்கு மூலை இல்லாததால் அது மட்டும் பிழைத்தது.

அப்புறம்தான் அடுப்படியில் கை வைத்தார். பழைய காபினெட்டைக் கரையான் அரித்திருந்தது உண்மைதான். அதற்காக நவராத்திரிக்கு முந்தின வாரம் மொத்தத்தையும் பெயர்த்து வெளியே போடுவானா ஒரு மனுஷன்? போட்டார். மாதவி பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் காஸ் அடுப்பை வைத்துச் சமைத்தாள். மழை சாய்வாக அடித்தால் சாம்பாரில் தண்ணீர் கூடியது. அப்போதும் ‘ம்’ என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. சாமி மேடைக்கு முன்னால் வாழையிலை போட்டு, ரம்பம், மெஷின், சுத்தியல், மூன்று மட்டம், தன் தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். வேறு வருஷமாக இருந்தால் பேருக்கு ஒரு தீற்றுத் தீற்றிவிட்டு எழுந்திருப்பாள். இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நல்ல இடமாகப் பார்த்து, பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமம் அழுத்தினாள். இவருக்கு இது ஒன்றாவது ஒழுங்காக அமையட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாள் விஜயதசமியில் கமலநாதன் முதல் பலகையை அறுத்தார்.

அங்கே பிடித்தது சனி.

காபினெட்டின் முதல் பெட்டியைப் பூட்டியதும் அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பெரிய மட்டத்தை மூலையில் வைத்தார். இடைவெளி தெரிந்தது. தரை சரியில்லை என்றார். தரையைச் சரிசெய்ய அடியில் தகடு வைத்தார். இரண்டாவது பெட்டியும் சாய்ந்தது. வீடு கட்டியவன் சுவரைக் கோணலாகக் கட்டிவிட்டான் என்றார். அடுத்து, பிளைவூட் ஈரத்தில் முறுக்கிக்கொண்டது என்றார். இழுப்பறை பாதி வரை வந்து நின்றது, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல். மாதவிக்கு அதைப் பிடித்து உலுக்கி, வீடும் கோணல், பலகையும் கோணல், கொஞ்சம் கண்ணாடியிலும் பாருங்கள் என்று கத்தலாம் போல வந்தது. நல்லவேளை, கத்தவில்லை. ஏனென்றால் அந்த வாரக் கடைசியில் அவரே அந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

“கையில கோளாறு,” என்றார். “செருப்பு ரேக் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்.”

செராஸிலிருந்து மாதவியின் அக்கா லெட்சுமி பலகாரம் செய்ய உதவுகிறேன் என்று வந்தாள். அடுப்படியைப் பார்த்தாள். ஒரு கதவை மூடி, இன்னொன்று திறப்பதைப் பார்த்து, மறுபடி மூடி, குழந்தை விளையாட்டுச் சாமானை வைத்து விளையாடுவது போல விளையாடினாள். கமலநாதன் அங்கேயே நின்றார். லெட்சுமிக்குத் தெரிந்த குகன் என்று ஒரு காபினெட் கொன்ட்ரெக்டர் இருக்கிறானாம். தீபாவளிக்குள் முடித்துக் கொடுப்பானாம். இந்தப் பலகையெல்லாம் அவனே அள்ளிக்கொண்டு போய்விடுவானாம். போகும்போது தங்கையின் காதில், நீ கொடுக்கிற இடத்தால்தான் இவர் இப்படி ஆடுகிறார், முன்னே மாதிரி நாலு வாங்கு வாங்கு என்றாள். அக்காவுக்கு என்ன தெரியும்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கமலநாதன், “குகனை வரச் சொல்லிடு,” என்றார். டூல்ஸை எல்லாம் லெட்சுமி வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்றார். சொல்லிவிட்டுப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை.

மாதவிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கதவு மூடுகிற காபினெட், இழுத்தால் வருகிற இழுப்பறை. குகனுக்கு போன் செய்தாள். சனிக்கிழமை காலை அளவெடுக்க வருகிறேன் என்றான். போனை வைத்துவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். அவர் தன் இரண்டு கையையும் மடியில் வைத்து, அவை யாருடையவோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. லெட்சுமி வீட்டுக்குக் கொடுக்கிற சாமானை அழுக்கோடு கொடுத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று மாதவி டூல்ஸைத் துடைக்க உட்கார்ந்தாள். எல்லாவற்றிலும் மரத்தூள் அப்பியிருந்தது. சின்ன மட்டத்தைத் துடைத்து, பிடியை மேசை ஓரத்தில் ஒட்டி வைத்தாள். வைத்தது ஆடியது. விரலால் ஒரு பக்கம் அமுக்கினாள், மறுபக்கம் எழும்பியது. டக், டக்.

இந்த ‘டக்’ அவளுக்குப் பழக்கமானது. புதிதாகப் பல் அடைத்த ஆள் வாயை மூடினால் இப்படித்தான் இருக்கும். கடுகளவு மேடு இருந்தால் போதும், தாடையே கோணிக்கொள்ளும். டாக்டர் நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, மேடு எங்கே என்று பார்த்துத் தேய்ப்பார். மாதவி மட்டத்தைத் திருப்பினாள். பலகை ஓரத்தில் ஒட்டி உட்கார வேண்டிய மரப்பிடியின் உள்முகத்தில், ஒரு நுனியில், சந்தனப் பொட்டு. காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகி, நடுவில் குங்குமத்தோடு.

அவள் வைத்ததுதான். நல்ல இடமாகப் பார்த்து வைத்தது.

பெரிய மட்டத்தில் பொட்டு தட்டைப் பக்கத்தில், இடைஞ்சல் இல்லாமல் இருந்தது. முக்கோணத்தை எடுத்தாள். உதட்டின் உட்பக்கத்தில், அதே மாதிரி ஒன்று. அவள் கை அவளுக்குத் தெரியாதா. நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. பழம் நறுக்கும் கத்தியை எடுத்து, சின்ன மட்டத்தின் பொட்டை மட்டும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மிச்சப் பலகை ஒன்றின் ஓரத்தில் வைத்தாள். அசையாமல் உட்கார்ந்தது. ஒரு கோடு இழுத்தாள். பொட்டு இருக்கிற முக்கோணத்தை அதே இடத்தில் வைத்து இன்னொரு கோடு இழுத்தாள். இரண்டு கோடும் ஒரே இடத்தில் கிளம்பி, மெல்ல விலகி, பலகையின் மறுகரைக்குப் போகும்போது நடுவில் ஒரு தீக்குச்சி படுக்கிற அளவு இடம் விட்டிருந்தன.

முதலில் வந்தது கோபம்தான். இந்த மனுஷன் இத்தனை நாள் இதைத்தானே கையில் பிடித்துக்கொண்டிருந்தார்? தரையைத் திட்டினார், சுவரைத் திட்டினார், பலகையைத் திட்டினார். இந்தப் பொட்டு கண்ணில் படவில்லையா? பட்டிருக்கும். பட்டும் தொட்டிருக்க மாட்டார். தொழிற்சாலையில் அளக்கிற கருவிக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், சோதித்தாயிற்று என்று. அதை யாரும் கிள்ளக் கூடாது. அந்த ஸ்டிக்கர் இருக்கிற கருவியைச் சந்தேகப்படவும் கூடாது. மாதவி சாமி முன்னால் வைத்துப் பொட்டிட்டுக் கொடுத்த பிறகு அவருக்குச் சந்தேகம் எப்படி வரும்? கருவி சரி, சாமி சரி, பெண்டாட்டி சரி. மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். குகன் வருகிற நேரம். மிச்சப் பொட்டையும் வழித்துத் துடைத்து, எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால் விஷயம் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. தீபாவளிக்குப் புதுக் காபினெட் வந்துவிடும். ஜொகூரில் வேலை செய்யும் மகள் ஷாமினி வந்து நல்லாயிருக்கும்மா என்பாள். லெட்சுமி வாயை மூடுவாள். இவர் மட்டும் மிச்ச காலம் முழுக்க, தன் கையில் கோளாறு என்று நம்பிக்கொண்டு சோபாவில் இருப்பார். மாதவிக்கு அழுகை வந்தது. அழுகையை விட எரிச்சல் வேகமாக வந்தது.

மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஹாலுக்குப் போனாள். தப்பு என்னோடதுதான், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது.

“ஏங்க, உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? ஒரு சந்தனத்தைச் சுரண்டிப் போட்டா சாமி என்ன கண்ணையா குத்திடும்?”

கமலநாதன் திகைத்துப்போய் நிமிர்ந்தார். அவள் முக்கோணத்தை அவர் மடியில் போட்டாள். உதட்டின் உட்பக்கத்தைக் காட்டினாள். அவர் கட்டைவிரலால் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. எழுந்து அடுப்படிக்குப் போனார். அவள் கோடு போட்ட பலகையைக் குனிந்து பார்த்தார். அவர் அறுத்துப்போட்ட பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, ரம்பம் போன ஓரத்தில் பென்சில் கோட்டின் பாதி இன்னும் ஒட்டியிருப்பதை நகத்தால் தொட்டுக்கொண்டே போனார்.

“அப்போ நான் கோட்டு மேலதான் வெட்டியிருக்கேன்,” என்றார்.

“கோட்டு மேலதான் வெட்டியிருக்கீங்க. கோடுதான் கோணல்.”

“என் கை சரியாத்தான் போயிருக்கு.”

“கை சரிதான். மண்டைதான் சரியில்ல. தொட்டுப் பார்க்க வேணாமா ஒரு மனுஷன்? நான் வாரக்கணக்கா துணி துவைக்கிற இடத்துல சோறாக்குறேன்…”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் சிவப்பு ஏறுவதை அவள் பார்த்தாள்.

“இவ்வளவு கெட்டியா அப்பச் சொன்னது யாரு உன்னை?” என்றார். “அது பொட்டா, அப்பமா? பிடியோட வெளிப்பக்கம் அவ்வளவு இடம் இருக்கு. அங்க வைக்கறதுக்கு என்ன?”

“எனக்கு எப்படித் தெரியும் எது உள்ள, எது வெளியன்னு?”

“தினம் சொன்னேன் லா. சாப்பிடும்போதெல்லாம் சொன்னேன்.”

“சாப்பிடும்போது சொன்னா யாரு கேப்பா?”

அப்புறம் அது எங்கெங்கோ போயிற்று. எல்லாப் பெட்டியையும் அவிழ்த்து, ஒவ்வொரு பலகையையும் மறுபடி நேராக அறுத்துப் பூட்டப்போவதாக அவர் அறிவித்தார். தீபாவளிக்கு முடியாது என்பதையும் அதே மூச்சில் அறிவித்தார். மாதவிக்குத் தலைக்கு ஏறியது. பின்பக்கத்து அடுப்பு, மழை, சாம்பார், லெட்சுமியின் சிரிப்பு, குளியலறைக் கதவுக்கு வெளியே நடந்த பிரசங்கம், மடித்த சேலைக்கு மட்டம் வைத்த கதை, சோற்றுப் பானை என்று இந்த வருஷத்துக்கு அவள் பாக்கி வைத்திருந்த அத்தனையையும் வரிசைப்படி எடுத்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். சிலதுக்கு இரண்டு வைத்திருந்தார்.

வாசலில் மணி அடித்தது. குகன். கமலநாதன் பலகைத் துண்டைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார். மாதவி நிறுத்தவில்லை. எந்த வீட்டிலாவது தீபாவளிக்குக் காபினெட்டைப் பிரித்துப் போடுவார்களா என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே அவர் குகனிடம் மன்னிப்புக் கேட்பதும், வேலையைத் தானே முடித்துக்கொள்வதாகச் சொல்வதும் கேட்டது. குகனின் குரல் தணிந்தது.

“அண்ணே, உள்ள ஏதும் பிரச்சனையா?”

“சேச்சே, ஒண்ணும் இல்ல,” என்றார் கமலநாதன். “என் ஒய்ஃப் என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க.”

வேலை உயர்வு வந்த செய்தியைச் சொல்கிற மாதிரி சொன்னார். மாதவியின் பேச்சு பாதியில் நின்றது. இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வாசல் கேட் மூடுகிற சத்தமும் அவர் செருப்புச் சத்தமும் கேட்டன. அவர் படியேறி உள்ளே வருவதற்குள், விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.